கொச்சி மரைன் டிரைவில் காயல் பார்த்த அறை: கூடுதல் பணம் கொடுக்கலாமா?

பீளமேடு_வாசகி

எல்லோருக்கும் வணக்கம். டிசம்பர் இரண்டாம் வாரம் எர்ணாகுளத்தில் மூன்று இரவு தங்கலாம் என்றிருக்கிறோம். நான், வீட்டுக்காரர், 9 வயது மகள், 71 வயது அம்மா. அம்மாவுக்கு இரண்டு முழங்காலும் தேய்மானம். பத்துப் படி ஏறினால் கொஞ்சம் உட்கார வேண்டும். அப்பா போன பிறகு இரண்டு வருடமாக அவர் எந்த ஊருக்கும் வரவில்லை. இந்த முறை அவராகவே வாய் திறந்து, "தண்ணி தெரியற மாதிரி ஒரு இடமாப் பாரு" என்றார். அதனால்தான் இவ்வளவு யோசிக்கிறேன்.

மரைன் டிரைவில் ஒரு ஓட்டல் பார்த்து வைத்திருக்கிறோம். ஊர்ப் பக்கம் பார்த்த அறை ஒரு இரவுக்கு 6,100. காயல் பக்கம் 7,900. இரண்டு அறை வேண்டும். ஒன்றையாவது காயல் பக்கம் எடுத்து அம்மாவையும் மகளையும் அதில் விடலாமா, இல்லை அந்தப் பணத்தை வேறு எதற்காவது செலவழிப்பது நல்லதா? ஃபோர்ட் கொச்சியிலேயே தங்கிவிடச் சொல்பவர்களும் இருக்கிறார்கள். தங்கியவர்கள் சொல்லுங்கள்.

எர்ணாகுளத்து_மருமகள்

எனக்குச் சொந்த ஊர் பாளையங்கோட்டை. கல்யாணமாகி 14 வருடமாக இங்கேதான். ஊரிலிருந்து வருபவர்களுக்கு அறை பார்த்துக் கொடுப்பது என் வேலை மாதிரியே ஆகிவிட்டது.

மரைன் டிரைவ் என்றதும் கடலை எதிர்பார்த்து வருகிறார்கள். முன்னால் இருப்பது காயல். எதிரே போல்காட்டி, வல்லார்பாடம், தெற்கே தள்ளி வெல்லிங்டன் தீவு. கடல் அதற்கும் அப்பால். அலை இருக்காது. ஆனால் எப்போது பார்த்தாலும் தண்ணீரில் ஏதாவது ஒன்று நகர்ந்துகொண்டே இருக்கும். பயணிகள் படகு, மீன்பிடி வள்ளம், துறைமுகத்துக்குள் மெதுவாகத் திரும்பும் கப்பல். கடற்கரையில் அரை மணி நேரத்தில் சலித்துவிடும் பிள்ளைகள் இங்கே ஜன்னலை விட்டு நகராமல் இருப்பதைப் பார்த்திருக்கிறேன்.

இப்போது அறை விஷயம். மரைன் டிரைவை ஒட்டி சண்முகம் ரோடு என்று ஒரு சாலை இருக்கிறது. உங்கள் கோயமுத்தூர்க்காரர் ஆர்.கே. சண்முகம் செட்டியார் 1935 முதல் 1941 வரை கொச்சி சமஸ்தானத்தின் திவானாக இருந்தார், பிறகு சுதந்திர இந்தியாவின் முதல் நிதியமைச்சர் ஆனார். அவர் பெயர்தான் அந்தச் சாலைக்கு. ஒரு காலத்தில் காயல் கரை அந்தச் சாலையை ஒட்டியே இருந்தது. பிறகு தண்ணீரைத் தூர்த்து நிலமாக்கி, நடைபாதையும் கட்டடங்களும் வந்தன. அதனால், ஒரு காலத்தில் காயலைப் பார்த்த கட்டடம் ஒன்றுக்கு முன்னால் இன்று வேறொரு கட்டடம் நிற்கலாம். இணையத்தில் போட்டிருக்கும் படம் மேல்மாடியில் எடுத்ததாக இருக்கும், உங்களுக்குக் கிடைப்பது மூன்றாம் மாடியாக இருக்கும்.

எனவே போனில் இப்படிக் கேளுங்கள்: "கட்டிலில் உட்கார்ந்தால் தண்ணீர் தெரியுமா?" ஜன்னலருகில் நின்றால் தெரியுமா என்று கேட்காதீர்கள். அம்மாவால் எவ்வளவு நேரம் நிற்க முடியும்? ஐந்தாம் மாடிக்கு மேல் கேட்டு வாங்குங்கள்.

இன்னொன்று. காயல் பக்கம் என்றால் மேற்குப் பக்கம். மதியம் இரண்டரைக்கு மேல் வெயில் நேரே உள்ளே விழும். டிசம்பரில் ஆறு மணி தாண்டியதும் சூரியன் மறைந்துவிடும், அந்த அரை மணி நேரத்துக்காகத்தான் இந்தப் பணமே. அதுவரை திரையை இழுத்துவிட்டு ஏசியைப் போட்டு அம்மாவைத் தூங்கச் சொல்லுங்கள்.

கணக்குப்பிள்ளை

விலையை ஒப்பிடும்போது வரியையும் சேர்த்துப் பாருங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் அறை வாடகை ஒரு இரவுக்கு 7,500 வரை என்றால் ஜிஎஸ்டி 5 சதவீதம். அதைத் தாண்டினால் முழுத் தொகைக்கும் 18.

உங்கள் கணக்கு: 6,100 அறைக்கு வரியோடு 6,405. 7,900 அறைக்கு வரியோடு 9,322. வித்தியாசம் 1,800 இல்லை, 2,917. மூன்று இரவுக்கு 8,751 ரூபாய்.

அதே அறையை 7,400க்குத் தருகிறார்களா என்று பேசிப் பாருங்கள். உண்மையில் வாங்கும் வாடகைக்குத்தான் வரி. அப்போது 7,770 மட்டுமே. 500 ரூபாய் குறைத்தால் உங்களுக்கு 1,552 மிச்சம்.

பீளமேடு_வாசகி

ஐயா, இது எனக்குத் தெரியவே தெரியாது. ரொம்ப நன்றி. நாளைக்கே கூப்பிட்டுக் கேட்கிறேன்.

உப்புக்காற்று

நான் வேறு மாதிரி நினைக்கிறேன். கொச்சிக்குப் போய் எர்ணாகுளத்தில் தங்குவது, தஞ்சாவூருக்குப் போய்ப் புது பஸ் ஸ்டாண்டில் தங்குவது போல. ஃபோர்ட் கொச்சியில் தங்குங்கள். காலை ஆறு மணிக்குக் கரைக்கு நடந்து போனால் சீனவலை இறக்குவதைப் பக்கத்தில் நின்று பார்க்கலாம். ஒரு வலையை ஏற்றி இறக்க நான்கைந்து பேர் வேண்டும். பின்பக்கம் கயிற்றில் கட்டித் தொங்கும் பெரிய கற்கள்தான் எடைக்கு எடை. கப்பல் துறைமுகத்துக்குள் நுழையும் வாய் அங்கேதான் இருப்பதால், ஒரு பெரிய கப்பல் வரும்போது தெருமுனையில் ஒரு கட்டடமே நகர்ந்து வருவது போல இருக்கும். அந்த வாயில் ஓங்கில்களைக்கூட (டால்பின்தான்) நான் இரண்டு முறை பார்த்திருக்கிறேன்.

புனித பிரான்சிஸ் தேவாலயம் நடக்கிற தூரம். 1524இல் இறந்த வாஸ்கோ ட காமாவை முதலில் அங்கேதான் புதைத்தார்கள். மட்டாஞ்சேரிக்கு ஆட்டோவில் பத்து நிமிடம். மழைமரங்களின் நிழலில் நடப்பதே ஒரு சுகம். எர்ணாகுளத்தில் அது ஏது?

எர்ணாகுளத்து_மருமகள்

உப்புக்காற்று சொல்வது ஒவ்வொன்றும் உண்மை. 30 வயதில் இரண்டு பேராகப் போனால் நானும் அதையேதான் சொல்வேன். ஆனால் வாசகியின் அம்மாவுக்கு முழங்கால். ஃபோர்ட் கொச்சியில் பாதி இடம் பழைய வீடுகள். மரப்படி செங்குத்தாக இருக்கும், லிஃப்ட் இருக்காது, தரைத்தள அறையில் தண்ணீர் தெரியாது. லிஃப்ட் உள்ள ஓட்டல் என்றால் வாடகை எங்கேயோ போய்விடும். பினாலே என்ற கலைக் கண்காட்சி நடக்கும் பருவத்தில் டிசம்பரிலிருந்து மார்ச் வரை அறை கிடைப்பதே சிரமம்.

எர்ணாகுளத்தில் தங்கி ஒரு நாள் அங்கே போய் வரலாம்.

உப்புக்காற்று

லிஃப்ட் விஷயத்தை யோசிக்காமல் எழுதிவிட்டேன். அம்மாவுக்கு எர்ணாகுளமே சரி. ஆனால் ஒரு விடியற்காலையாவது சீனவலைப் பக்கம் போங்கள். பகல் பதினொரு மணிக்குப் போனால் வெயிலும் கூட்டமும்தான்.

இரு_பிள்ளைத்தாய்

போன வருடம் எனக்கு நடந்ததைச் சொல்கிறேன், ஓட்டல் பெயர் வேண்டாம். "பகுதி காயல் காட்சி" என்று போட்டிருந்ததை நம்பி எடுத்தோம். அறைக்குள் போனால் எதிரே பக்கத்துக் கட்டடத்தின் ஏசிப் பெட்டிகள். பால்கனியில் இடது ஓரம் போய்ச் சுவரோடு ஒட்டி நின்றால் கையகலத் தண்ணீர் தெரிந்தது. அந்தப் பால்கனிக் கதவை ஆறு மணிக்குத் திறந்து வைத்ததுதான் அடுத்த தவறு. கொச்சிக் கொசு சாதாரணக் கொசு இல்லை. சின்னவனுக்கு விடியும்போது கன்னமெல்லாம் தடிப்பு.

"பகுதி", "பக்கவாட்டு" என்ற சொல் எங்கே இருந்தாலும் எடுக்காதீர்கள். கண்ணாடி திறக்க முடியாத ஜன்னல் என்றால் வருத்தப்படவும் வேண்டாம், மாலையில் அது ஒரு வரம். கொசுவிரட்டி மட்டும் வீட்டிலிருந்தே கொண்டுபோங்கள்.

முன்மேசை

கொச்சியில் இரண்டு ஓட்டல்களில் வரவேற்பில் 11 வருடம் இருந்தேன். இப்போது திருச்சியில் சொந்தத் தொழில். உள்ளே எப்படி நடக்கிறது என்று சொன்னால் உங்களுக்கு உதவும்.

எந்த விருந்தாளிக்கு எந்த அறை எண் என்பது பெரும்பாலும் வருகிற நாள் காலையில்தான் முடிவாகும். செயலி மூலம் எடுத்தவருக்குக் குறிப்பு ஒன்றும் இல்லையென்றால், மீதி இருக்கிற அறைகளில் ஒன்று போகும். ஆகவே பதிவு செய்தபின் ஓட்டலுக்கு நேரடியாகப் பேசுங்கள். காலை பதினொன்றிலிருந்து இரண்டு வரை பேசாதீர்கள், அது அறையைக் காலி செய்பவர்களின் நெரிசல். மாலை நான்கு மணிக்குப் பேசினால் நிதானமாகக் கேட்பார்கள். "முழங்கால் வலி உள்ள பெரியவர், லிஃப்டுக்குப் பக்கத்தில், உயரமான மாடி, காயல் பக்கம்" என்று சொல்லி, பதிவில் எழுதச் சொல்லுங்கள். முதல் நாள் மறுபடி ஒரு தடவை நினைவூட்டுங்கள். இரண்டு முறை பேசியவரின் பெயர் எங்களுக்கு நினைவில் நிற்கும், அவ்வளவுதான் ரகசியம்.

லிஃப்டுக்குப் பக்கம் என்றால் லிஃப்டை ஒட்டிய அறை இல்லை. ஒட்டிய அறையில் இரவெல்லாம் கதவு திறக்கும் மணி கேட்கும். இரண்டு அறை தள்ளிக் கேளுங்கள்.

சாவி வாங்கியதும் பெட்டிகளை மேலே ஏற்றச் சொல்லாதீர்கள். ஒருவர் மட்டும் போய் அறையைப் பார்த்துவிட்டு வரட்டும். திரையைத் திறந்து பாருங்கள், குளியலறையில் தண்ணீர் விட்டுப் பாருங்கள். அம்மாவுக்காகக் குளியலறையில் கவனிக்க வேண்டியது இரண்டு. உள்ளே இறங்கும் படி எவ்வளவு உயரம், கழிப்பறைக்குப் பக்கத்தில் பிடித்து எழக் கைப்பிடி இருக்கிறதா. தொட்டிக்குள் ஏறி இறங்கிக் குளிக்கிற மாதிரி இருந்தால் உடனே வேறு அறை கேளுங்கள். அறையில் ஒரு மணி நேரம் இருந்துவிட்டு மாற்றச் சொன்னால் அதைத் திரும்பச் சுத்தம் செய்ய வேண்டும், யாரும் மனதார மாற்ற மாட்டார்கள்.

அப்புறம், வெள்ளி சனி தவிர்த்தால் வாடகை இறங்கும். கணக்குப்பிள்ளை சொன்ன 7,500 எல்லை வரவேற்பில் இருக்கும் எல்லோருக்கும் தெரியும், கேட்கத் தயங்க வேண்டாம். டிசம்பர் 24, 31 தேதிகளில் சில ஓட்டல்களில் விருந்துக் கட்டணத்தைக் கட்டாயமாகச் சேர்ப்பார்கள். இந்தச் சிக்கல் உங்கள் தேதியில் வராது. ஆனால் இதைப் படிக்கிற மற்றவர்கள் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். 31ஆம் தேதி ஃபோர்ட் கொச்சியில் பாப்பாஞ்சி என்ற பெரிய கிழவர் பொம்மையை எரிக்கிற திருவிழா, படகிலும் சாலையிலும் நகர முடியாது.

மலையோரம்

ரயில் டிக்கெட் எடுத்தாச்சா? மண்டல பூஜைக் காலம் அது. ஐயப்ப சாமிகள் கூட்டத்தில் கோவையிலிருந்து போகும் வண்டியெல்லாம் நிரம்பி வழியும். முதலில் டிக்கெட், அப்புறம் அறை.

பீளமேடு_வாசகி

டிக்கெட் எடுத்துவிட்டோம், திங்கள் காலை வண்டி. ஓட்டலுக்கும் பேசினேன். திங்கள் முதல் வியாழன் காலை வரை என்பதால் 7,400க்கு ஒப்புக்கொண்டார்கள்! முன்மேசை சொன்ன மாதிரியே மாலை நான்கு மணிக்குத்தான் பேசினேன். ஏழாம் மாடி என்று எழுதிக்கொண்டதாகச் சொன்னார்கள்.

ஃபோர்ட் கொச்சிக்குப் படகில் போகலாமா, அம்மாவால் ஏற முடியுமா? சாப்பாடும் சொல்லுங்கள். அம்மாவுக்குத் தேங்காயெண்ணெய் வாசம் அவ்வளவாகப் பிடிக்காது.

எர்ணாகுளத்து_மருமகள்

படகு இரண்டு விதம். சுபாஷ் பூங்கா பக்கத்துப் பழைய படகுத்துறையிலிருந்து மாநில நீர்ப் போக்குவரத்துத் துறையின் படகு. பத்து ரூபாய்கூட ஆகாது. காற்று முகத்தில் அடிக்க, உள்ளூர்க்காரர்களோடு உட்கார்ந்து போவது அருமையான அனுபவம். ஆனால் கரைக்கும் படகுக்கும் நடுவே கால் எடுத்து வைக்க வேண்டும். தண்ணீர் ஏறியிருக்கிறதா வற்றியிருக்கிறதா என்பதைப் பொறுத்துப் படகின் விளிம்பு மேலே கீழே போகும்.

அம்மாவுக்கு வாட்டர் மெட்ரோதான். 2023 ஏப்ரலில் தொடங்கியது, ஃபோர்ட் கொச்சிக்கு அடுத்த ஏப்ரலில் வந்தது. இங்கேயே கொச்சிக் கப்பல் கட்டும் தளத்தில் கட்டிய பாட்டரிப் படகுகள், நூறு பேர் ஏறலாம், உள்ளே ஏசி. ஏறும் மேடை தண்ணீரில் மிதக்கிறது. காயல் ஏறினால் மேடையும் ஏறும், வற்றினால் மேடையும் இறங்கும், அதனால் படகின் தளமும் மேடையும் ஒரே மட்டத்தில் நிற்கும். சக்கர நாற்காலியை அப்படியே உருட்டி ஏற்றலாம். ஹைகோர்ட் முனையம் மரைன் டிரைவின் வடக்குக் கோடியில் இருக்கிறது. விடுமுறை நாள் மாலைகளில் வரிசை நீளும், நீங்கள் செவ்வாய் அல்லது புதன் காலை முதல் படகுகளில் போய்விடுங்கள். திரும்பும் கடைசிப் படகு எப்போது என்று இறங்கும்போதே கேட்டு வையுங்கள்.

மட்டாஞ்சேரி அரண்மனை வெள்ளிக்கிழமை மூடியிருக்கும். 1568இல் கட்டிய யூதர் ஜெப ஆலயத்துக்கும் வெள்ளி, சனி போனால் ஏமாற்றம் வரும். உங்கள் நாட்களில் இரண்டுக்கும் தடை இல்லை. அரண்மனைக்குள் ராமாயண ஓவியங்கள் இருக்கும் அறையில் அம்மா நிதானமாக நிற்கட்டும்.

சாப்பாட்டுக்குக் கவலை வேண்டாம். எர்ணாகுளம் முழுக்க உடுப்பி மாதிரிச் சைவ ஓட்டல்கள் இருக்கின்றன. ஓட்டலில் காலைச் சாப்பாடு சேர்த்திருந்தால் அம்மாவுக்கு ஆப்பமும் காய்கறி இஷ்டுவும் கொடுங்கள், தேங்காய்ப்பால்தான் தெரியும், எண்ணெய் வாசம் குறைவு. மீன் சாப்பிடுபவர்கள் கரிமீனை வாழையிலையில் சுட்டது கேளுங்கள். ஜூன் 9 நள்ளிரவிலிருந்து ஜூலை 31 வரை இழுவலைத் தடைக்காலம், அப்போது வருபவர்களுக்குக் கடல் மீன் விலை அதிகம். சாப்பாட்டு மேசையில் இளஞ்சிவப்பாக வெந்நீர் வைப்பார்கள். பதிமுகம் என்ற மரத்தின் சீவல் போட்டுக் காய்ச்சியது, பயமில்லாமல் குடிக்கலாம்.

கணக்குப்பிள்ளை

ஒரு சின்ன எச்சரிக்கை. டிரோன் கேமரா இருந்தால் வீட்டிலேயே விட்டுவிட்டு வாருங்கள். தெற்குக் கடற்படைத் தலைமையகம் அங்கேதான். என் மைத்துனர் ஒரு முழு நாளைக் காவல் நிலையத்தில் கழித்தார்.

பீளமேடு_வாசகி

போய்விட்டு வந்தோம். பதில் சொன்ன எல்லோருக்காகவும் எழுதுகிறேன், இன்னும் பலருக்குப் பயன்படட்டும்.

முதலில் குறை. போய் இறங்கியதும் நான்காம் மாடிச் சாவியைத்தான் கொடுத்தார்கள். முன்மேசை சொன்னபடி வீட்டுக்காரர் மட்டும் மேலே போய்ப் பார்த்தார், எதிரே ஒரு மரமும் கட்டட மொட்டை மாடியும். "இரண்டு முறை பேசி எழுத வைத்திருக்கிறோம்" என்று சொன்னதும் கணினியில் பார்த்தார்கள். குறிப்பு இருந்தது. முக்கால் மணி நேரம் காத்திருந்தோம், ஏழாம் மாடி கிடைத்தது. பெட்டியை ஏற்றியிருந்தால் நான் நான்கிலேயே இருந்திருப்பேன், எனக்குச் சண்டை போட வராது.

மாலை ஒரு தொந்தரவு, யாரும் சொல்லாதது. சுற்றுலாப் படகுகளில் பாட்டை அலற விடுகிறார்கள். மூடிய கண்ணாடியையும் தாண்டிக் கேட்கிறது. ராத்திரி அது நின்ற பிறகு நல்ல அமைதி. ஊர்ப் பக்கம் இருந்த எங்கள் அறையில்தான் விடியற்காலையிலேயே தனியார் பஸ் ஹார்ன் எழுப்பிவிட்டது.

வாட்டர் மெட்ரோவில் அம்மா யார் கையையும் பிடிக்காமல் ஏறினார். படகு கிளம்பியதும் திரும்பி என்னைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. மழைக்காலம் முடிந்த நேரம் என்பதால் காயலில் ஆகாயத்தாமரை பச்சைப் பாய் பாயாக மிதந்து வந்தது. மகள் அதையெல்லாம் குட்டித் தீவு என்று எண்ணிக்கொண்டு வந்தாள், 43 வரை எண்ணினாள். சீனவலைக்கு ஏழரை மணிக்குத்தான் போக முடிந்தது. வலைக்காரர் ஒருவர் மகளைக் கூப்பிட்டுக் கயிற்றைப் பிடிக்க விட்டார். அந்தக் கயிற்றின் ஈரமும் மீன் வாசமும் கையில் இருக்கிறது என்று மத்தியானம் வரை கை கழுவ மாட்டேன் என்றாள். உப்புக்காற்று, உங்களை அங்கே நினைத்துக்கொண்டோம்.

இரண்டாம் நாள் விடியற்காலை ஐந்தரைக்கு அம்மா அறைக் கதவைத் தட்டினேன், காபிக்காக. திரை முழுக்கத் திறந்திருந்தது. நாற்காலியை ஜன்னலுக்கு இழுத்துப் போட்டு, சால்வையைக் காலில் போர்த்தி உட்கார்ந்திருந்தார். கீழே இருட்டில் ஒரு வள்ளம், ஒரே ஒரு ஆள். ஒரு கையால் துடுப்புப் போட்டு இன்னொரு கையால் வலையை விட்டுக்கொண்டே போனார். "நாலு மணியிலிருந்து பார்க்கிறேன், இன்னும் ஒண்ணும் மாட்டலை போல" என்றார் அம்மா. காபி ஆறிப்போனது. அந்த ஆள் வலையை இழுக்கும் வரை எழுந்திருக்க மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டார். ஆறே காலுக்கு இழுத்தார். நிறைய வெள்ளையாக மின்னியது. அம்மா கை தட்டினார்.

இரு_பிள்ளைத்தாய்

படிக்கும்போதே கண் கலங்கிவிட்டது. ஏழாம் மாடியில் எந்தப் பக்கம் என்று சொல்ல முடியுமா? பிப்ரவரியில் மாமியாரைக் கூட்டிப் போகிறோம்.

பீளமேடு_வாசகி

எந்த ஓட்டலானாலும் மேற்குப் பக்கத்தில் தெற்கு மூலை கேளுங்கள். அங்கிருந்து பழைய படகுத்துறையும் தெரியும், எதிரே தீவுகளும் தெரியும். குளியலறையில் கைப்பிடி இல்லை, பிளாஸ்டிக் நாற்காலி ஒன்று கேட்டோம், ஐந்து நிமிடத்தில் கொண்டுவந்தார்கள். பிப்ரவரியில் சூரியன் மறைய ஆறரை ஆகிவிடும், அதற்குத் தகுந்த மாதிரி வெளியே போய்த் திரும்புங்கள். நேற்று அம்மா, பிப்ரவரியில் கொச்சியில் மழை இருக்குமா என்று கேட்டுக்கொண்டிருந்தார். நீங்கள் எந்தத் தேதி போகிறீர்கள்?